பேய் நடந்ததற்கு ஆதாரம்

வகுப்பில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்துபோய்க் கதவைத் திறந்தவள் என்று கல்லூரியில் சின்னவளுக்குப் பெயர்.

அது ஒரு பழைய பேய்ப் படம். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, பகல் மூன்றாவது பீரியடில் போட்டார்கள். செத்துப்போன ஒருத்தி தன் பழைய வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். ஆள் கண்ணுக்குத் தெரியாது. நீளமான ஒரு வராந்தா, ஓரமாக ஒரு நாற்காலி, காலடிச் சத்தம், அவ்வளவுதான். ஒரு தட்டு, ஒரு இழுப்பு. ஒரு தட்டு, ஒரு இழுப்பு. முப்பத்திரண்டு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, சின்னவள் மட்டும் எழுந்துபோய் வகுப்பறைத் தாழ்ப்பாளை நீக்கினாள். பத்தொன்பது வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் அவள் செய்வது அதுதான். வெளியே யாரும் இல்லை. தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா இறந்து பதினோரு மாதம் ஆகிவிட்டது என்பது அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அப்பா படங்களுக்கு நடந்தவர். நடித்தவர் இல்லை, நடந்தவர். திரையில் ஒருவர் நடந்தால் அந்தக் காலடிச் சத்தத்தைப் பிறகு தனியாகப் பதிவுசெய்து சேர்க்க வேண்டும். அதற்கென்று ஒரு ஆள் இருப்பார். இருட்டறையில் ஒரு மரப்பலகை, ஒரு சிமென்ட் பலகை, ஒரு மணல் பெட்டி. திரையைப் பார்த்துக்கொண்டே அவற்றின்மேல் நடக்க வேண்டும். அப்பா போலீஸ்காரர்களுக்கு நடந்திருக்கிறார், மாப்பிள்ளைகளுக்கு நடந்திருக்கிறார், ஓடிப்போகும் கதாநாயகிகளுக்குக் குதிகால் செருப்பு மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். "இந்த வீட்ல என்னைவிட உங்கப்பாவுக்குத்தான் லேடீஸ் செருப்பு ஜாஸ்தி" என்று அம்மா சொல்வாள். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் மட்டும் வராது. இடது காலில் அவருக்கு லேசான இழுப்பு உண்டு. வேலையில் அதை மறைத்துவிடுவார், வீட்டுக்கு வரும்போது அதோடுதான் வருவார்.

அந்தப் பேய்ப் படத்தின் ஒலிப்பதிவாளர் இன்னும் உயிரோடு இருந்தார். அப்பாவின் பழைய டெலிபோன் நோட்டில் எண் இருந்தது. சின்னவள் கூப்பிட்டாள்.

"உங்கப்பாதாம்மா. வேற யாரு?" என்றார் அவர். "பேய் நடக்கணும்னு சொன்னதும் டைரக்டர், 'நீங்க எப்பவும் மறைக்கிறீங்களே, அந்த நடையிலேயே நடங்க'ன்னுட்டாரு. உங்கப்பாவுக்கு ஒரே வெட்கம். நாலு தடவை நடந்தாரு. நாலாவது தடவை எனக்கே முதுகு சில்லுன்னுச்சு."

இன்னொன்றும் சொன்னார். அந்தப் படத்தைச் சுத்தம் செய்து மறுபடி தியேட்டரில் போடப்போகிறார்களாம். விட்டுப்போன தொழிலாளர் பெயர்களையும் பட்டியலில் சேர்க்கிறார்களாம். "ஆனா என் வாய்ச்சொல்லை எடுத்துக்க மாட்டாங்க. வயசானவன், மறந்திருப்பேன்னு சொல்றாங்க. அச்சுல வந்திருக்கணுமாம். ஆராய்ச்சிக் கட்டுரை மாதிரி ஏதாவது. நாலு மாசம் டைம் இருக்கு."

சின்னவள் சினிமாத் துறையில் கடைசி வருஷம். கடைசி வருஷ மாணவர்கள் ஏதாவது ஒரு படத்தைப் பற்றிப் பன்னிரண்டு பக்கத்தில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். நல்ல கட்டுரையைக் கல்லூரியே தன் ஆய்விதழில் அச்சடிக்கும். வேறென்ன வேண்டும்?

பன்னிரண்டு பக்கக் கட்டுரையை எப்படி எழுதுவது என்பதற்குக் கல்லூரி எண்பத்து நான்கு பக்கத்தில் ஒரு கையேடு வைத்திருந்தது. ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவது என்பதற்கு ஒன்பது பக்கம். படத்தைப் பார்ப்பது பற்றி ஒன்றும் இல்லை. சின்னவள் பார்த்தாள். அந்த வராந்தாக் காட்சியை மட்டும் நூறு தடவையாவது, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டு பார்த்தாள். முதல் வரைவின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதினாள்: "இந்தப் படத்தில் பேயாக நடப்பவர் என் அப்பா."

துறைத் தலைவர் அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் 'ஆதாரம்?' என்று எழுதியிருந்தார்.

"சார், அவர் எங்கப்பா. எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியுங்கிறதுதாம்மா பிரச்சினை" என்றார் துறைத் தலைவர். கோபக்காரர் இல்லை. மாணவர்களை உட்காரச் சொல்லிப் பேசுகிறவர். "தெரிஞ்சதை எழுதறது கடிதம். தெரியாததை, தெரிஞ்சவங்க சொன்னதா எழுதறதுதான் ஆய்வு. நீ யாரையாவது மேற்கோள் காட்டணும்."

"நீங்களே ஒரு தடவை அந்தக் காட்சியைப் பார்த்தீங்கன்னா..."

"நான் படம் பார்க்கிறதில்லம்மா. இருபத்திரண்டு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். பார்த்தா நமக்குன்னு ஒரு கருத்து வந்துடும். கருத்து வந்துட்டா நடுநிலை போச்சு. அப்புறம் நான் எப்படி மார்க் போடறது?"

சின்னவள் ஒலிப்பதிவாளரிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்கி வந்தாள். அதைப் பார்த்ததும் துறைத் தலைவர் முகம் வாடிவிட்டது. ஒருவரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கினால் அது நேர்காணல். நேர்காணலுக்கு முன்னால் அறநெறிக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். அனுமதிக்கு முன்பே பதில் வந்துவிட்டதால் அந்தப் பதில் செல்லாது.

"இப்ப என்ன சார் பண்றது?"

"முதல்ல விண்ணப்பம் போடு. அனுமதி வந்ததும் அவரை மறுபடி கேளு. கேட்கிறப்போ உனக்கு விடை தெரியாத மாதிரி இருக்கணும், அது முக்கியம்."

அறநெறிக் குழுவின் தலைவி விலங்கியல் பேராசிரியை. ஆய்வகத் தவளைகளுக்காக ஏற்படுத்திய குழு அது. படிவமும் அந்தக் காலத்தது. ஆய்வில் பங்கேற்பவருக்கு மயக்க மருந்து கொடுக்கப்படுமா என்று கேட்டது. இல்லை. ஆய்வு முடிந்ததும் அவர் தம் இயற்கை வாழிடத்தில் மீண்டும் விடப்படுவாரா என்று கேட்டது. சின்னவள் அந்தக் கேள்விக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் 'பொருந்தாது' என்று எழுதினாள்.

"ஒலிப்பதிவாளர் விஷயம் சரி" என்றார் தலைவி. "ஆனா கட்டுரை யாரைப் பத்தியோ அவரோட சம்மதக் கையெழுத்து எங்கே?"

"மேடம், அவர் இறந்துட்டார். இதோ இறப்புச் சான்றிதழ்."

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சான்றிதழை இரண்டு பக்கமும் படித்தார். "இது அவர் இறந்தார்ங்கிறதுக்குச் சான்று. சம்மதிச்சார்ங்கிறதுக்கு இல்லையே."

"எங்கம்மா கையெழுத்துப் போடலாமா?"

"நடந்தது அவர் காலும்மா. உங்கம்மா காலா?" அவர் குரலில் உண்மையான கனிவு இருந்தது. "நீ மகள், உனக்கு அவசரம் இருக்கும். நாங்கதான் அவருக்காகப் பேசணும். பேச முடியாதவங்களுக்காகப் பேசறதுக்குத்தான் இந்தக் குழுவே இருக்கு. தவளை விஷயத்துலயும் இப்படித்தான்."

சம்மதம் கேட்டு அலுவலகம் நேரடியாகவே கடிதம் அனுப்பும், அதுதான் நடைமுறை என்றார்கள். அனுப்பினார்கள்.

அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பவள். அன்று மத்தியானம் சின்னவள் வீட்டுக்குப் போனபோது மெஷின் ஓடவில்லை. தைத்த உறைகளும் தைக்காத துணியும் அப்படியே கிடந்தன. அம்மா ஒரு பழுப்பு உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாவுக்கு லெட்டர் வந்திருக்கு" என்றாள்.

அவர் போனதிலிருந்து அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்ததில்லை. பெயருக்கு முன்னால் 'திரு' போட்டு, பின்னால் வீட்டு எண்ணெல்லாம் பிழையில்லாமல் தட்டச்சு செய்திருந்தார்கள். தங்கள் நடை குறித்த ஆய்வுக்குத் தங்கள் சம்மதத்தைப் பத்து நாளுக்குள் தெரிவிக்கவும். அம்மா அதை நாலாக மடித்து அப்பாவின் சட்டைகள் இருக்கும் தட்டில் வைத்தாள். "அவருக்கு வந்தது, அவர் இடத்துல இருக்கட்டும்."

பத்து நாள் கழித்து நினைவூட்டல் வந்தது. இதில் குரல் கொஞ்சம் கடுமை. அதற்குப் பத்து நாள் கழித்து, இருமுறை எழுதியும் தாங்கள் பதிலளிக்காதது வருத்தத்துக்குரியது என்று மூன்றாவது கடிதம். அதைப் படித்தபோது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. யாருடைய கடிதத்துக்கும் பதில் போடாமல் இருந்தவர் இல்லை அவர். சின்னவள் கல்லூரியில் இருந்த நேரத்தில் அம்மா அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதித் தபாலில் போட்டுவிட்டாள். ஸ்டுடியோவிலிருந்து ஆள் தேடி வரும்போதெல்லாம் வாசலில் நின்று சொன்ன அதே பதில்: "அவர் வீட்டில் இல்லை. வந்தால் சொல்கிறேன்."

கல்லூரி அலுவலகத்தில் அதற்கு நல்ல வரவேற்பு. முகவரியாளர் வெளியே சென்றுள்ளார் என்றும், திரும்பியதும் தெரிவிப்பதாக வீட்டார் உறுதியளித்துள்ளனர் என்றும் கோப்பில் குறித்தார்கள். அவர் திரும்பும் வரை காத்திருப்பதென்று அறநெறிக் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

"எப்ப வருவாருன்னு ஏதாவது சொன்னாராம்மா?" என்று கேட்டார் அலுவலக எழுத்தர்.

சின்னவள் சண்டை போடலாம் என்றுதான் வந்திருந்தாள். ஆனால் அந்தக் கோப்பில் அப்பா இன்னும் சாகவில்லை, வெளியே போயிருக்கிறார், அவ்வளவுதான். அதை அடித்துத் திருத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வீட்டில் அம்மாவிடம், "ஏம்மா அப்படி எழுதினே?" என்று கேட்டாள்.

"வேற எப்படி எழுதறது? செத்துட்டார்னு அவருக்கு வந்த லெட்டர்லயே எழுதறதா?" என்றாள் அம்மா.

இதற்கு நடுவே திருத்தங்கள் நிற்கவில்லை. முதல் வரைவில் 'என் அப்பா' என்று இருந்தது இரண்டாவதில் 'கட்டுரையாளரின் தந்தை' ஆயிற்று. உறவு சொல்வது சார்புத்தன்மை என்றதால் மூன்றாவதில் 'தகவலாளி ஒன்று' ஆனார். அவர் தகவல் எதுவும் தரவில்லையே என்று, கட்டுரைகளைச் சரிபார்க்கும் சீராய்வுக் குழுவில் ஒருவர் சரியாகவே கண்டுபிடித்ததால், நான்காவதில் 'தகவலாளி ஒன்று எனக் கருதப்படுபவர்.' ஐந்தாவது வரைவை, எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டரில் போட்டார்கள். எண்பத்தொரு விழுக்காடு திருட்டு என்று வந்தது.

"யார்கிட்டேருந்து சார்?"

"உன் நாலாவது வரைவுலேருந்து" என்றார் துறைத் தலைவர். "நானே எதிர்பார்க்கல."

சொற்களை மாற்றச் சொன்னார்கள். 'காலடிச் சத்தம்' என்ற இடத்திலெல்லாம் 'பாதம்சார் ஒலி நிகழ்வு' என்று போட்டாள். 'இழுப்பு' என்பதை 'சமச்சீரற்ற உராய்வு' என்றாள். 'பயம்' என்பது 'பார்வையாளர் எதிர்வினை' ஆயிற்று. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்தக் காட்சியை மறுபடி போட்டுக் கேட்டாள். முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் நடுவே பத்தில் ஏழு வினாடி. மூன்றாம் அடியில் உராய்வு கூடுதல்.

ஒருநாள் சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்து ஏழாவது வரைவைத் திருத்திக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் சத்தம் கேட்டது. ஒரு தட்டு, ஒரு இழுப்பு. மேல்வீட்டுக்காரர் மூட்டை எதையோ இழுத்துக்கொண்டு ஏறியிருக்கலாம். அவள் எழுந்திருக்கவில்லை. 'பத்தில் எட்டு' என்று மனசுக்குள் குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள். இரண்டு வரி தாண்டிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. பேனாவை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வருகிற சத்தத்தை நினைத்துப் பார்த்தாள். படத்தில் வருகிற சத்தம்தான் வந்தது. வேறு சத்தம் இருந்ததா என்றே சந்தேகமாகிவிட்டது.

பெயர் சேர்க்கக் கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சின்னவள் துறைத் தலைவர் முன்னால் அழுதுவிட்டாள். அவர் பதறிப்போய்த் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அன்று மாலையே சீராய்வுக் குழுவையும் அறநெறிக் குழுவையும் ஒன்றாகக் கூட்டினார். இரண்டு குழுவும் சேர்ந்து உட்கார்ந்தது கல்லூரி வரலாற்றிலேயே முதல் தடவை என்றார்கள்.

நல்ல யோசனையோடுதான் வெளியே வந்தார்கள். சம்மதம் கிடைக்காதவரின் தனியுரிமையைக் காப்பது கல்லூரியின் கடமை. எனவே பெயரை விட்டுவிட்டுக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பலாம். 'பெயர் அறியப்படாத ஒலி உழைப்பாளர்' என்று போட்டால் எந்தப் பிரச்சினையும் இல்லை.

"பேருக்காகத்தானே சார் இவ்வளவும்?"

"முதல்ல அச்சுல வரட்டும்மா. வந்துட்டா நீ ஆய்வாளர். ஆய்வாளர் ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பினா அடுத்த இதழ்ல போட்டுத்தானே ஆகணும்? நீ இப்ப வெறும் மகள். மகள் சொன்னா யார் போடுவாங்க?"

அச்சுக்குப் போகும் முன் ஒரு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வேண்டும். 'மேற்படி உழைப்பாளரின் பெயர் எனக்குத் தெரியாது என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' எழுத்தர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"மேல ஒரு கட்டம் விட்டுட்டியே."

மாணவர் பெயர், வரிசை எண், தந்தை பெயர். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது.

"அதுவும் வேணுமா?"

"அது இல்லாம எப்படிம்மா செல்லும்? தெளிவா, அடித்தல் திருத்தல் இல்லாம எழுது."

சின்னவள் அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் தெளிவாக எழுதினாள். கீழே, அவர் பெயர் தனக்குத் தெரியாது என்று கையெழுத்துப் போட்டாள். எழுத்தர் இரண்டையும் சரிபார்த்து முத்திரை குத்தினார்.

ஒரு வாரத்தில் அச்சான கட்டுரைக்கு அந்த வருஷத்தின் முதல் பரிசு கிடைத்தது. தனிப்பட்ட உணர்ச்சிகளுக்குச் சற்றும் இடம்தராத நடை என்று பாராட்டுரையில் சொன்னார்கள். இதழில் துறைத் தலைவர் பெயர் முதலிலும் சின்னவள் பெயர் இரண்டாவதாகவும் வந்திருந்தது. அடுத்த இதழ் எப்போது என்று கேட்டாள். அடுத்த வருஷம்.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, அப்பாவின் பெயரை விவரமாக எழுதிய கடிதத்தோடு படக் கம்பெனிக்கு அனுப்பினாள். நாலு நாள் கழித்து அங்கிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். மிகவும் மரியாதையான குரல்.

"உங்க கடிதமும் கிடைச்சது, கட்டுரையும் கிடைச்சது. ரெண்டும் ஒத்துப்போகலையே மேடம். பேர் இன்னதுன்னு கடிதம் சொல்லுது. பேர் தெரியாதுன்னு கட்டுரை சொல்லுது. அச்சானதைத்தான் நாங்க எடுத்துக்க முடியும்."

"அந்தக் கட்டுரையை எழுதினதே நான்தாங்க."

"அதனாலதான் மேடம் எங்களுக்கு அதுல சந்தேகமே இல்ல" என்றாள் அந்தப் பெண்.

ஒலிப்பதிவாளர் பாஸ் அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி. அம்மா நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள். பேய்ப் படமென்றால் அந்தப் பக்கமே தலை வைக்காதவள், இதை மட்டும் பார்த்தே தீருவேன் என்றாள். கட்டுரையில் என்ன இருந்தது என்று சின்னவள் அவளிடம் சொல்லவில்லை. பரிசு வாங்கியதை மட்டும் சொல்லியிருந்தாள். வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள், அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்வதைப் பார்த்ததும் மூடிக்கொள்வாள்.

படம் தொடங்கும் முன்பே பெயர்ப் பட்டியலைப் போட்டார்கள். அம்மா ஒவ்வொரு வரியாக உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். 'காலடி ஒலி: பெயர் அறியப்படாத உழைப்பாளர்.' வரி மேலே போய் மறைந்தது.

"இது யாரு?"

"அப்பாதாம்மா."

"பேரு தெரியலையாமா அவங்களுக்கு?"

"தெரியாதுன்னு நான்தாம்மா எழுதிக் குடுத்தேன்" என்றாள் சின்னவள். "கையெழுத்துப் போட்டேன். அப்படிப் போட்டாத்தான் அச்சுல வரும்னாங்க."

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று சின்னவள் நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. அம்மா திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு பேர் கையும் ஒரே கைப்பிடியில் இருந்தது, அம்மா தன் கையை எடுக்கவில்லை.

வராந்தா வந்தது. நாற்காலி வந்தது. ஒரு தட்டு, ஒரு இழுப்பு.

புது ஸ்பீக்கர்கள். சத்தம் திரையிலிருந்து வரவில்லை, பின்வரிசைக்குப் பின்னால் ஆரம்பித்துச் சுவரோரமாக நடந்து வந்தது. ஹெட்போனில் நூறு தடவை கேட்ட சின்னவளுக்கே இது புதிதாக இருந்தது. பலகை லேசாக முனகுவதும், நடக்கிறவர் ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் சின்னதாக மூச்சு வாங்குவதும் கேட்டது. அந்த மூச்சை அவள் எந்த வரைவிலும் எழுதியிருக்கவில்லை. பத்தில் எத்தனை வினாடி என்று எண்ணத் தோன்றவில்லை.

அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, "ஐயோ, யாரு நடக்கிறது?" என்றாள். யாரையும் கேட்கவில்லை. பயத்தில் வந்த வார்த்தை.

"பயப்படாதீங்க" என்றாள் அம்மா. "எங்க வீட்டுக்காரர்தான்." அவர் பெயரையும் சொன்னாள். புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லிச் சின்னவள் கேட்டதில்லை.

அந்த அம்மாள் பொத்திய முந்தானையை எடுக்காமலே அம்மாவைப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின.

"நிஜமாவா?" என்றாள் அந்த அம்மாள். "நல்லா நடக்கிறாரே. இப்ப எங்க இருக்கார்?"

திரையில் வராந்தா முடிந்து படிக்கட்டு தெரிந்தது. சத்தம் ஒரு கணம் நின்றது, பிறகு முதல் படியில் கேட்டது.

"இதோ" என்றாள் அம்மா, "மாடி ஏறிக்கிட்டு இருக்கார்."